ஒன்றாம் நம்பர் இல்லாத நியூ ஃபோல்டர்

நமுனுகுல,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தயானிக்கு,

நீயும் மாப்பிள்ளை ரஜீவும் கத்தார் வெயிலில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், பனி ஏறினால் அம்மாவின் முழங்கால் வலியும் ஏறுகிறது, வெயில் வந்தால் இறங்குகிறது, வேறு குறை இல்லை. அம்மாவின் விசாவுக்கான சான்றிதழ் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும், எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு விசா ஏஜென்ட் போன் எடுத்து, அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் மறுநாள் நாலு மணிக்குள் வராவிட்டால் அடுத்த முறை ஆறு மாதம் கழித்துத்தான் என்றார். அதற்குள் உனக்குப் பிள்ளை பிறந்து குப்புற விழுந்திருக்கும். அசல் சான்றிதழ் வீட்டு உறுதிப் பத்திர வேலைக்காகத் தோட்ட ஆபிசில் இருக்கிறது, ஆபிஸ் அலுமாரிச் சாவி மேனேஜர் துரையிடம், அவர் கொழும்பில் லீவு. மிச்சம் நீ போகும் முன் ஸ்கேன் பண்ணி லெப்டொப்பில் வைத்ததுதான். அன்றைக்கு நீ சொன்னதை டயரியில் எழுதியிருந்தேன்: "மொதல் நியூ ஃபோல்டர்ல இருக்குப்பா." திறந்து பார்த்தேன். நியூ ஃபோல்டர் இரண்டு, மூன்று, நாலு என்று பதினொன்று வரை இருக்கிறது, ஒன்று இல்லை. எண்ணே போடாத ஒன்றும் இருந்தது, அதை இன்னும் பதியாத ஒன்று என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். தேடும் பெட்டியில் அம்மாவின் பெயரை வீ போட்டும் டபிள்யூ போட்டும், கடைசியில் ஐ போட்டும் வை போட்டும் அடித்தேன், ஜீவராணி என்று இந்த உலகத்தில் யாருமே இல்லை என்றது. உனக்குப் போன் எடுக்கப் போனேன், மாசமாக இருக்கிற பிள்ளையைப் பதறவைக்கக் கூடாது என்று அம்மா போனைப் பிடுங்கி மாச்சட்டிக்குள் வைத்துவிட்டாள்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் லெப்டொப்பை அரிசிப் பையில் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் போனேன். போட்டோகொப்பி கடை ஜுனைதீனிடம், ஒன்றாம் நம்பர் ஃபோல்டர் காணாமல் போய்விட்டது என்று முறைப்பாடு வைத்தேன். அவர் லெப்டொப்பின் குப்பைத் தொட்டிவரை கிளறிவிட்டு, "அண்ணே, களவு போன மாதிரியும் தெரியல்ல. இல்லாட்டி என்ன, நாமளே ஒன்னு செஞ்சி வைப்பமே" என்றார். புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, பெயரையும் தானே அடித்தார். லெப்டொப்பும் மறுக்காமல் நியூ ஃபோல்டர் (1) என்று ஒன்றைக் கொடுத்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தோம். வெறுமை. இது என்ன வேலை என்று கேட்டேன். "நீங்க ஒன்னக் கேட்டீங்க, நான் ஒன்னக் குடுத்தேன். உள்ளுக்கு என்னமும் ஈக்கணும்னு சொல்லல்லயே" என்றார். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார், மனிதரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று ஐந்து. அம்மா பயணப் பெட்டியில் மடித்து வைத்த சேலைகளைத் திரும்ப வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். கையில் சேலையோடு அப்படியே நின்றவள், "என்னங்க, நம்ம புது லயத்துக்கு நம்பரு இருக்கா?" என்றாள். நாம் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு எண் ஏது, இல்லை என்றேன். "மேல இன்னொன்னு கட்டுனப்பதானே அத ரெண்டாம் புது லயம்னாங்க? இது கட்டி அறுவது வருசம், தகரமெல்லாம் ஓட்டை, இன்னமும் வெறும் புது லயம்தானே? ஒங்க மக எங்க பொறந்தா? நம்பரு இல்லாததத் தொறங்க." திறந்தேன். உன் கல்யாணப் படங்களுக்கு நடுவே ஸ்கேன் 0004 என்ற பெயரில் சான்றிதழ் இருந்தது. மூன்று நாற்பதுக்கு அனுப்பினேன். லெப்டொப்பைத் தொட்டே பார்க்காதவள், தொடாமலே கண்டுபிடித்தாள். இப்போது சேலைகள் திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டன, ஏஜென்டும் இனிப் பயமில்லை என்கிறார்.

பிள்ளையின் படங்கள் வந்தால் போட்டுவைக்க நேற்று ஒரு ஃபோல்டர் திறந்தேன். நான் பெயர் யோசிக்கும் முன்பே அது நியூ ஃபோல்டர் (12) என்று தானே எழுதிக்கொண்டது. அம்மா எட்டிப் பார்த்து, "எம் பேரப்புள்ளைக்கு எதுக்குங்க நம்பரு, அழிங்க" என்றாள். எண்ணை அழித்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இரண்டையும் ஒன்றாக்கவா என்று லெப்டொப் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. விமான நிலையத்தில் மாப்பிள்ளை மட்டை பிடிப்பதானால் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதச் சொல், இங்கிலீசில் எழுதினால் வேறு யாரையோ கூட்டிப்போவார். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து இருவரும் நூறு வயது இருங்கள். எந்த ஆபிசிலும் இரண்டு விதமாக எழுத முடியாத ஒரு பெயரைப் பிள்ளைக்கு வைத்து, பிறந்த அன்றே எனக்கு அனுப்பு. அதுவரை இங்கே அதற்குப் பெயர் பன்னிரண்டு.

உன் அப்பா,
வீரசிங்கம்
(எண் இல்லாத புது லயம்)