வயிறு காயட்டும் என்றேன்

மாரமங்கலம்,
ஆவணி 12.

அன்புள்ள மலருக்கு,

மாதேஷ் எழுதுகிறேன். திருப்பூரில் உன் அண்ணன் வீட்டில் நீயும் சின்னவள் கீர்த்தனாவும் நல்லபடியாக இருக்க வேண்டும். நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்காதது சரிதான். ஆனால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

இங்கே மழை விடவில்லை. காபிக்காய் பாதி உதிர்ந்துவிட்டது. காட்டெருமை இறங்கி மிளகுக் கொடியை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரியவள் ரஞ்சனி நம்மை விட்டுப் போன அன்று சேலம் ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தை எடுத்தார்களே, பிறகு கீர்த்தனாவின் குதிகாலிலும் குத்தி எடுத்தார்களே, அந்த ரிசல்ட் வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன் அண்ணன் தனபால் மச்சானிடம் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாததும் இருக்கிறது. அதற்குத்தான் இது.

சாப்பிட்டது தீர்ந்துபோனால் உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து எரித்துக்கொள்ளுமாம். அந்தக் கொழுப்பு அமிலத்தை உடைக்கிற நொதி ரஞ்சனிக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லையாம். எப்படிக் கொழுகொழுவென்று இருந்தாள்! பக்கத்து வீட்டுக் கண்ணாயி அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளாமல் ஒருநாளும் போனதில்லை. அடுக்கு நிறைய விறகு இருந்தும் பற்றாத அடுப்பு மாதிரி, அத்தனை கொழுப்பும் அவளுக்கு உதவவில்லை. வயிறு காலியானதும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி, அதிலேயே போய்விட்டாள். குறை உன் பக்கம் பாதி, என் பக்கம் பாதி. மாமன் மகளைக் கட்டினதில் இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

பலாச்சுளை சாப்பிட்டாளே, அதனாலா என்று கேட்டேன். “ஏனுங்க, பலாப்பழம் என்னங்க பண்ணும்? காய்ச்சலும் வாந்தியுமா இருந்த புள்ளைக்கு ஒண்ணுமே குடுக்கலீங்களா? சர்க்கரைத் தண்ணி உள்ள போயிருந்தாக்கூட...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

நான்தானே மலர் கொடுக்க விடவில்லை. அன்று சாயங்காலம் நீ பாலில் சர்க்கரை போட்டு ஆற்றிக்கொண்டு வந்தாய். “வாந்தி எடுக்கற புள்ளைக்கு என்னத்துக்குப் பாலு? வவுறு காயட்டும், காலையில சரியாப்போயிரும்” என்று டம்ளரைப் பிடுங்கி மேலே வைத்தேன். “ஒரே வாய்தானுங்க” என்று கெஞ்சினாய். நான் ஒன்று சொன்னால் மாற்றமாட்டேன் என்று உனக்குத் தெரியும். காய்ச்சலுக்குப் பட்டினி போடுவது ஊரே செய்கிற வைத்தியம்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மனம் ஆறவில்லை.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்தேன். இழவு வீட்டில், “ஆத்தாக்காரியே பலாச்சுளையக் குடுத்துக் கொன்னுபோட்டா” என்று நம் சனமே பேசியபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். நேற்று பங்காளிகளை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை அப்படியே சொன்னேன். ஐயாக்கண்ணு பெரியப்பா, “விடு சாமி, விதி” என்றார். விதி இல்லை பெரியப்பா, நான்தான் என்றேன்.

கீர்த்தனாவுக்கும் அதே குறைதான். ஆனால் பசிக்க விடாமல் வளர்த்தால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாடுவாள் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. தூங்கினாலும் எழுப்பிக் கொடு. காய்ச்சலோ வாந்தியோ வந்தால், விடியட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதோடு டாக்டரம்மா எழுதிய சீட்டு இருக்கிறது. அதைக் காட்டி உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொல்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ இங்கே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஒன்று மட்டும் செய். பிள்ளை விஷயத்தில் இனி என் பேச்சைக் கேட்காதே. நான் கத்தினாலும் கேட்காதே. உன் கையைப் பிடித்தால் என்னைத் தள்ளிவிட்டுக் கொடு, மலர்.

இப்படிக்கு,
மாதேஷ்