பச்சைத் திரைக்கு உட்பக்கம்

என்றும் என் மதிப்புக்குரிய பெரியண்ணைக்கு,

நீங்கள் மறைந்தபின் முதல் வசந்தம் பிறந்துவிட்டது. நீங்கள் ஞாயிறுதோறும் வேலைக்குப் போன பந்தயத் திடலில் குதிரைகள் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டன. உங்களுடைய இடத்தை உங்கள் மகள் நிலானிக்குத் தருவதாக அழைத்திருந்தார்கள். பார்த்துவிட்டே முடிவு சொல்வேன் என்றாள். நானும் உடன் சென்றேன்.

அங்கே என்ன வேலை என்று கேட்டபோதெல்லாம், "கோயில்ல மாதிரித்தான், திரை பிடிக்கிறன்" என்பீர்கள். அம்மா அதை இந்த ஹம் நகர் முழுவதும் சொல்லித் திரிந்தார்: "என்ர பிள்ளைக்கு இந்த நாட்டிலயும் திரை பிடிக்கிற பாக்கியம்!" ஓட்டத்துக்கு முன் குதிரைகளை அலங்கரிப்பார்கள், அதற்கான மறைப்பு என்றே நானும் எண்ணியிருந்தேன்.

மூன்றாம் ஓட்டத்தில் ஒரு கபிலநிறக் குதிரை விழுந்தது. எழ முயன்றது. முன்காலொன்று முழங்காலுக்குக் கீழே தனியாகத் தொங்கியது. இருவர் பச்சைத் துணித் திரையுடன் ஓடினார்கள். உங்கள் வேலை அப்போதுதான் எனக்கு விளங்கியது, அண்ணை.

குதிரை 'ஃபெர்சோர்க்ட்' செய்யப்படுவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. ஜெர்மனில், வேண்டியதைச் செய்து பராமரிப்பது என்று பொருள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நிலானி என் கையைப் பிடித்தாள். "சித்தப்பா, காலமை ஒரு அம்மாவுக்குத் தலை வாரி இழுத்து, தேத்தண்ணி பருக்கிப்போட்டு நானும் இந்தச் சொல்லைத்தானே எழுதினனான்?"

பின்வரிசையில் நம் கடைக்கார யோகன் பந்தயச் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தான். "விசர்க் குதிரை! விழுறதுக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ? லோயர் அண்ணை, என்ன முகம் கறுத்துப்போச்சு, உங்கட குதிரையோ?" என்று வழக்கறிஞனான என்னைக் கேட்டான்.

உடலை வண்டியில் ஏற்றியபின் திரையை எடுத்தபோது புல் மட்டுமே இருந்தது. அதையும் காலால் மிதித்துச் சமப்படுத்தினார்கள். அடுத்த ஓட்டத்துக்குக் கைதட்டல் எழுந்தது. பிழைக்க வழியில்லாத விலங்கின் வேதனையை முடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் குதிரையை அந்த நிலைக்கு ஓட்டியவர்களின் கண் நோகாதிருக்கவா அந்தத் துணி?

உங்கள் மேலாளர் வந்து நிலானியிடம் உங்களைப் புகழ்ந்தார். திரை பிடித்த உங்கள் கை ஒருநாளும் நடுங்கியதில்லையாம். அவள் ஜெர்மனில் நிதானமாகப் பதில் சொன்னாள்: "ஞாயிறு மாலைகளில் என் அப்பாவால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாது. இந்த வேலை எனக்கு வேண்டாம்."

அந்த நடுக்கத்தை நாங்கள் குளிரென்றோம், வயதென்றோம். கோயிலை ஏன் உவமையாகச் சொன்னீர்கள்? எங்களுக்கும் ஒரு திரை பிடித்தீர்களா? வெளியில் இருந்தவர்களின் கண்களை நீங்கள் மறைத்தீர்கள். உட்பக்கம் நின்ற உங்கள் கண்களை மறைக்க யார் இருந்தார்கள்?

கோடைத் திருவிழாவில் கோயில் திரை பிடிக்கும் உங்கள் முறையை இனி நான் ஏற்கிறேன். விலக்கும்போது உள்ளே தீபம் தெரியும் திரை அது. வேறெந்தத் திரையையும் நம் வீட்டுக் கைகள் இனித் தொடா. இது என் வாக்கு.

உங்கள் கோப்பையைக் கண்டும் கேளாதிருந்த,
உங்கள் தம்பி