தரிசு என்று எழுதிய இடம்

தென்காசி வழி
12-8-61

அன்பு மகன் மந்திரமூர்த்திக்கு, அப்பா எழுதுவது. காசிவிசுவநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், பம்பாயில் உன் சுகத்துக்கு எழுது. ஆடி முடியப் போகிறது, சாரல் இன்னும் விடவில்லை, குற்றாலத்தில் கூட்டம் நெரிபடுகிறதாம், நமக்கு எங்கே நேரம். பஞ்சாயத்துத் தலைவர் என்று பேர்தான், மண்வெட்டியும் கையுமாய் ரோட்டு வேலையில் நிற்கிறேன். வட்டார வளர்ச்சித் திட்டத்தில் சர்க்கார் பாதி போடும், மீதிக்கு ஜனங்கள் உழைக்க வேண்டும், வீட்டுக்கு ஓர் ஆள். போன வருஷம் சுடலையாண்டி மகளைப் பிரசவ வலியோடு கட்டிலில் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினோம் என்று எழுதியிருந்தேனே, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் ரோடு வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான்.

ஆனால் மகனே, பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். வளர்ச்சி ஆபீசிலிருந்து கிராமசேவக் கொண்டுவந்த பாரத்தில், ரோடு போகிற இடத்தில் கோயில், சுடுகாடு, சமாதி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை, வெறும் தரிசு, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவர்களை எரிப்பது ஆற்றங்கரையில். பச்சைப் பிள்ளைகளைப் புதைப்பது அந்த உடைமரக் காட்டில், கல்லும் கிடையாது, அடையாளமும் கிடையாது. உன் தங்கச்சி முப்பிடாதி அங்கேதான் கிடக்கிறாள் என்பது எழுதும்போது என் நினைப்பிலேயே இல்லை. பெற்ற தகப்பன் நான், மறந்துபோனேன்.

காடு வெட்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் உன் அம்மா வேலை செய்கிறவர்களுக்கு மோர் கொண்டுவந்தாள். காடு வெட்டவெளியாய்க் கிடந்ததைப் பார்த்தாள், பானையை இறக்கி வைத்தாள், திரும்பிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து சோற்றில் கைவைத்தாலும் மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம்தான் கேட்கிறது. அவளோ சந்தைக்குப் போக வாய்க்காலைச் சுற்றி இரண்டு மைல் நடக்கிறாள். நேற்று நானாகவே கேட்டேன். "எம்புள்ள எங்கன கெடக்குன்னு தெரிஞ்சா அந்த எடத்தை மட்டும் மிதிக்காமப் போவேன். தெரியலையே, நான் எங்கன காலை வைக்க?" என்றாள்.

ஓவர்சியர் நல்ல மனுஷன், இடத்தைக் காட்டினால் பத்தடி ஒதுக்கிப் போடலாம் என்கிறார். என்னத்தைக் காட்ட? அவளைப் புதைத்த அன்று நான் வண்டியோடு சுரண்டைச் சந்தையில் இருந்தேன். புதைத்தவன் உன் சித்தப்பா, அவனும் போய்விட்டான். கூடப் போனவன் நீ ஒருத்தன்தான், உனக்கு அப்போது ஆறு வயசு. மரமெல்லாம் வெட்டியாயிற்று, அந்த வெள்ளைப் பாறை மட்டும் நிற்கிறது. பாறைக்கு எந்தப் பக்கம், எத்தனை எட்டு? ஆவணி பத்தில் கல் பரப்புகிறார்கள், உடனே எழுது.

பம்பாய் மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் உண்டு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. உன் பதிலை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டவேண்டும், அதனால் ஞாபகமில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. தெரியாவிட்டாலும் இன்ன பக்கம், இத்தனை எட்டு என்று நிச்சயமாய் ஓர் இடத்தைச் சொல்லு. ரோடு அதை ஒதுங்கிப் போகும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சங்கிலிப்பாண்டி