முப்பத்தொன்றிடம் பேசக் கூடாது

ஜூன் 9, திங்கள்

இன்றும் நாள் முழுக்க ஊமை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறேன் என்று மகளுக்கு எரிச்சல். "அம்மா, நானே சூப்பர்மார்க்கெட்ல பில் போட்டு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பேசிட்டு வரேன். என் காதை விட்டுடு. இதுல கொட்டு" என்று இந்த டைரியைத் தூக்கிக் கொடுத்தாள். சரி, கொட்டுகிறேன்.

அடிபட்ட காட்டு உயிர்களைத் தேற்றித் திருப்பி அனுப்பும் காப்பகத்தில் எனக்கு வேலை. மீன் நறுக்க வேண்டும், கூண்டு கழுவ வேண்டும், எடை பார்க்க வேண்டும். எல்லாம் வாயைத் திறக்காமல். அங்கே டாக்டர் வைத்ததுதான் சட்டம்: உள்ளே பேச்சு கிடையாது, பெயர் வைக்கக் கூடாது, தடவிக் கொடுக்கக் கூடாது. முகத்தை மூடி, சாம்பல் நிற அங்கி போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். மீனைக் குழாய் வழியாகத் தள்ள வேண்டும். கழுவும்போது தகர மூடியை டங்கு டங்கென்று தட்ட வேண்டும். மனுஷன் என்றாலே அதுகளுக்கு ஆகக் கூடாது. "பயம் இருந்தாத்தான்மா வெளியில உயிரோட இருக்கும்" என்பார். எனக்குப் போய் இப்படி ஒரு வேலை! பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் குடும்பக் கதை முழுக்க இறங்குவதற்குள் கேட்டுவிடுகிற ஆள் நான்.

இப்போது என் பொறுப்பில் இருப்பது முப்பத்தொன்று. நீர்நாய்க் குட்டி. ஆற்றில் மிதந்த பிளாஸ்டிக் பையின் கைப்பிடிக்குள் தலையை விட்டிருக்கிறது. குட்டி வளர, பை வளரவில்லை. கழுத்தைச் சுற்றிச் சதை அறுந்து வந்தது. இன்று மூடியைத் தட்டியதும் மூலைக்கு ஓடி என்னைப் பார்த்துச் சீறியது. அப்பாடா, என் சமர்த்து! கழுத்து வலிக்குதாடி, உங்கம்மா எங்கேடி, இத்தனை மீனையும் எங்கேடி வைக்கிறே — எல்லாம் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

ஜூன் 23

விடாத மழை. ஆந்தைக் கூண்டுக்கு மேல் கூரை ஒழுகுகிறது. மீன் வைக்கும் ஃப்ரீசர் செத்துவிட்டது. இந்த வருஷத்தைத் தாண்டுவோமா என்று டாக்டரே கேட்க ஆரம்பித்துவிட்டார். பிறகு சொன்னார்: மகள் வேலை பார்க்கும் அதே கடை இனி பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கப் போகிறதாம். அந்தக் காசு நமக்காம்.

மகளிடம் கேட்டேன். "ஆமாம்மா. சும்மா குடுத்த பைக்குக் காசு கேட்டா ஜனங்க சண்டைக்கு வருவாங்க. நீர்நாய்க்குன்னு சொன்னா வாயை மூடிக்குவாங்க. உங்களைக் குடை மாதிரி பிடிச்சுக்கறாங்க."

குடையோ கூரையோ, ஒழுகாமல் இருந்தால் சரி.

ஜூலை 3

கடையிலிருந்து ஒரு மேடம் வந்தாள். சின்னப் பெண். சிரிப்பு முகத்திலேயே தைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே வந்ததும் "அய்யோ, செல்லம்!" என்று கூவினாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். விளையாடுகிறேன் என்று நினைத்து அவளும் வைத்தாள்!

வெளியே வந்து, "இதுக்குப் பேரு என்னக்கா?"

"முப்பத்தொண்ணு."

"அது நம்பர்க்கா. பேரு?"

ஜூலை 15

பில் போடும் இடத்தில் ஓட்டுப் பெட்டி வைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பட்டு. நான் முப்பத்தொன்று என்றுதான் எழுதுவேன்.

ஆகஸ்ட் 2, சனி

படம் எடுக்க வந்தார்கள். "ஒரே ஒரு தடவைதான்மா" என்றார் டாக்டர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பின்னால் லாரியிலிருந்து புதுக் கூரைத் தகடு இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் மீன் போட வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். சூப்பர்மார்க்கெட் பையிலிருந்துதான் மீன் வர வேண்டுமாம், படத்தில் பை தெரிய வேண்டுமாம். மேடம் பையைச் சரசரவென்று ஆட்டி ஒரு மீனை நீட்டினாள். முப்பத்தொன்று மூலையை விட்டு நகரவில்லை. சீறியது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் அவர்கள் காத்திருந்தார்கள். பசி பொறுக்குமா? கடைசியில் வந்தது. கையிலிருந்தே வாங்கிக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

செப்டம்பர் 6, சனி

ஒரே ஒரு தடவை என்றது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆகிவிட்டது. பை வாங்குகிறவர்களில் குலுக்கிப் போட்டுக் குடும்பம் குடும்பமாக அழைத்து வருகிறார்கள். ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு மீன். பட்டு, பட்டு, இங்க பாரு பட்டு. நான் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு மூடியும் கையுமாக ஓரத்தில். ஒரு குழந்தை என்னைப் பார்த்து, "இது பேயாம்மா?" என்று கேட்டது.

ஆமாம், பேய்தான். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

செப்டம்பர் 19

மகள் சாப்பிடும்போது சொன்னாள்: "பை வாங்கறது குறையும்னுதானே காசு போட்டாங்க? கூடிருக்கும்மா. பட்டுவுக்காக இன்னொண்ணு குடுன்னு கேட்டு வாங்கறாங்க. வீட்டிலேர்ந்து துணிப்பை கொண்டு வர்றவங்கதான் திருட்டு முழி முழிக்கறாங்க."

பையில் இப்போது முப்பத்தொன்றின் முகம். அந்தப் பைகள் எல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். கையை விரித்தாள்.

அக்டோபர் 11

மத்தியானம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து என் சாப்பாட்டுப் பையைப் பிரித்தேன். சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே குளத்திலிருந்து விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எழுந்து போய் மூடியைத் தட்டினேன். நகரவில்லை. முழு பலத்தோடு தட்டினேன். அது பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13

டாக்டரிடம் சொன்னேன். "இது இப்படியே போனா ஆத்துல ஒரு மாசம் தாங்காது டாக்டர். பைச் சத்தம் கேட்டா ஆள்கிட்ட போயிடும். எவனாவது அடிச்சே கொன்னுடுவான்."

அவருக்குத் தெரியாதா? தெரியும். "கூரையைப் பாருங்கம்மா. ஃப்ரீசரைப் பாருங்க. ஆந்தை, நரி, ஆமை எல்லாம் அந்தப் பைக் காசுலதான் சாப்பிடுது."

"அப்போ இது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒண்ணைக் குடுத்துட்டு மிச்சத்தைக் காப்பாத்தறாரு. அதானே? எனக்குப் புரியாதா? நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் இப்படிப் பண்ணாத்தான் வயிறு எரியுது.

டிசம்பர் 30

பிப்ரவரியில் ஆற்றில் விடக் கடைக்காரர்கள் நாள் குறித்துவிட்டார்கள். நாளைத் தள்ளி வைத்து, மூன்று மாதமாவது யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் சண்டை போட்டு ஒரு மாதம் வாங்கித் தந்தார். ஜனவரி இருபதிலிருந்து கதவு மூடியிருக்கும். ஒரு மாதத்தில் பயத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆறு மாதம் எல்லாரும் சேர்ந்து கெடுத்ததை.

பிப்ரவரி 8

பையைச் சரசரத்தேன். ஓடி வந்ததும் குழாயைத் திருப்பித் தண்ணீரை முகத்தில் பீய்ச்சி அடித்தேன். அதற்கு விளையாட்டாகிவிட்டது. மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது. நீர்நாயைத் தண்ணீரால் மிரட்டப் போன புத்திசாலி நான்.

பிப்ரவரி 21, சனி

மேடை, மைக், பலூன். பெட்டியைத் திறந்தார்கள். முப்பத்தொன்று ஒரு கணம் நின்று மோந்து பார்த்தது. பிறகு சளக்கென்று உள்ளே. நடு ஆற்றில் தலை தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போயிடு, போயிடு, திரும்பாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் வந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்புப் பை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பையும் சரசரத்தது. தலை திரும்பியது. கரையேறி, குலுக்கிக்கொண்டு, நேராகக் கூட்டத்துக்குள் வந்தது. "பட்டுவுக்கு நம்மை விட்டுப் போக மனசே இல்லை!" என்றாள் மேடம் மைக்கில். கைதட்டல்.

நான் மூடியைத் தட்டிக்கொண்டு குறுக்கே ஓடினேன். அதற்கும் சிரித்தார்கள்.

மார்ச் 16

ஆற்றங்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் பையை இழுத்துக்கொண்டு ஓடியதாம். வீடியோவை மகள் காட்டினாள். எல்லாரும் சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 4

இன்று யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுமியின் விரலைக் கடித்துவிட்டது. அவள் தந்தை துடுப்பால் அடித்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பெற்றவர். ஒரு வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் வனத்துறை ஆட்கள் சுட்டுவிடுவார்களாம்.

ஏப்ரல் 6

லீவு போட்டுவிட்டுத் தனியாக ஆற்றுக்குப் போனேன். பயந்துவிட்டால் யார் கையிலும் சிக்காது, அந்த ஒரு நம்பிக்கைதான். பையை ஆட்டினேன். நாணலுக்குள்ளிருந்து வந்தது. முன்னங்கால் ஒன்றை ஊன்றவில்லை, துடுப்படி பட்ட கால். கல்லை எடுத்து எறிந்தேன். விலாவில் பட்டது. கத்திக்கொண்டு தண்ணீருக்குள் போனது. அப்பாடா என்று திரும்புவதற்குள் மறுபடி தலை தெரிந்தது. இன்னொரு கல். போனது. வந்தது. பையையும் என் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திட்டமாட்டேன், கொஞ்சிவிடுவேன்.

மூணாவது கல்லை எறிய முடியல. என்னால முடியல. எறிஞ்சிருக்கணுமோ? இன்னும் பலமா? கல்லைக் கீழே போட்டுட்டு அங்கேயே உக்காந்து அழுதேன். அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 9

பிடிக்க வலை, பொறி எதுவும் தேவைப்படவில்லை. டாக்டர் என்னைக் கேட்டார், கெஞ்சுகிற குரலில். மகள் பில் போட்டுக் கொடுத்த பையை எடுத்துப் போனேன். கூண்டுக்குள் வைத்து ஒரே ஒரு ஆட்டு ஆட்டினேன்.

மே 12

கடை கட்டிக் கொடுத்த கண்ணாடிக் கூடம் இன்று திறப்பு. உள்ளே குளம், சிமெண்ட் பாறை, மோட்டாரில் ஓடும் அருவி. வெளியே கூட்டம், பையும் கையுமாக. இனி ஆற்றில் விட அனுமதி கிடையாது. ஆயுள் முழுக்க இதற்குள்தான்.

அங்கியைத் தேடினேன். டாக்டர் அதை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டிருந்தார். "அது வேண்டாம்மா. இனிமே நீங்க பேசலாம். எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்." என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மூடாத முகத்தோடு உள்ளே போனேன். நொண்டிக்கொண்டே ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத தழும்பு. எத்தனை சேர்த்து வைத்திருந்தேன் இதனிடம் சொல்ல!

"சாப்பிடு" என்றேன்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்தும் வரவில்லை. மகள் இரண்டு தடவை என்னையே பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.