அம்மா பார்த்த ராக்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நீயும் அப்படி இருந்தால் போதும். அம்மாவை வழியனுப்ப வர முடியாமல் போனதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் காகிதம். பிழை இருந்தால் சிரித்துக்கொள், லிஃப்ட் மெக்கானிக்கின் கைக்கு எழுத்தைவிடக் கிரீஸ்தான் நன்றாக வரும்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவின் போன் அலறியது, நீ ஏற்றிக்கொடுத்த அந்த ராக்கெட் ஆப்தான். அதற்கு இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. நீ வேலை பார்க்கிற ராக்கெட் கிளம்பிவிட்டதாம். "ஏய், போயிடுச்சுடி" என்று கத்திக்கொண்டே அவள் அறைக்குள் ஓடினேன். காலிக் கட்டில்தான் இருந்தது.

ராக்கெட்டை விட்டதும் வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அவளுக்கு அந்த ஆப்தான் காலண்டர். தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் உன்னை ஒரு சொல் சொன்னதில்லை, அங்கே அடிக்கிற காற்றைத்தான் வைதாள். நானும் ஆளை மேலே அனுப்புகிறவன்தான், காற்றடித்தால் நிறுத்தவா செய்கிறேன் என்று பீற்றிக்கொள்வேன். ஆறாவது மாடியைத் தாண்டாத ஆளுக்கு வாயைப் பாரு என்பாள்.

கடைசி நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஆப்பைத் தடவித் தடவி ஏதோ வீடியோவைத் திறந்துவிட்டாள். ராக்கெட் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு மேலே போனது. அது யாரோ விட்டது, கீழே போன வருஷத் தேதி, கண்ணாடி போடாத அவளுக்குத் தெரியவில்லை. "போயிடுச்சுங்க. இனிமே பாப்பா வந்துடுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் மெத்தையை வெயிலில் போடச் சொன்னாள், பச்சைப் போர்வையை எடுத்துவைக்கச் சொன்னாள். சாயங்காலம் போய்விட்டாள்.

அதனால் அம்மா காத்துக் காத்துக் கண்ணை மூடினாள் என்று நீ உள்ளுக்குள் வேகாதே. அவளைப் பொறுத்தவரை நீ வந்துகொண்டிருந்தாய். மெத்தையை நான் தினமும் மொட்டைமாடியில் போட்டு எடுக்கிறேன், இந்த வயதில் நனைக்கிறீரா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ராக்கெட்தான் போய்விட்டதே பாப்பா, வா. நேரத்துக்குச் சாப்பிடு, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், அம்மா உன் கூடவே இருப்பாள். வரும்போது நம் கட்டிடத்து லிஃப்டில் ஏறாதே, பழுது. பார்க்கவேண்டிய மெக்கானிக்குக்கு இப்போது கை ஓடவில்லை.

ஆறாவது மாடியோடு நின்றுபோன
உன் அப்பா