பாட்டு நிற்கும் இடங்கள்

பொதட்டூர்பேட்டை,
14.6.2025

அன்புத் தம்பி குணாளனுக்கு,

உன் போனுக்கு அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. நேற்று ஆசீர்வாதம் கூப்பிட்டு, நீ எளாவூரில் அவன் டயர் கடை மாடியில் இருப்பதாகவும், போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டதாகவும் சொன்னான். "யார்கிட்டயும் பேச மாட்டேன்றாரு டீச்சர், லெட்டர் வேணா போடுங்க" என்றான். ரிட்டயர் ஆன பிறகு பேனா பிடிக்க எனக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

பதினோரு வருடம் கழித்து உங்கள் 'உலை' குழுவின் ஆல்பம் வந்தாலும் வந்தது, கும்மிடிப்பூண்டி தொடங்கி திருத்தணி வரை உன் ராப் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். பாட்டுக்குக் கீழே அவர்கள் போனில் எழுதுவதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். உன் மாமா, "பேப்பர் திருத்துற புத்தி இன்னும் போவல" என்று கேலி செய்கிறார். 'உலை அணைஞ்சிபோச்சி' என்கிறான் ஒருவன். 'கம்பெனி பஸ்ல கேட்டு அழுதுட்டேன், டிரைவர் திரும்பிப் பாத்தாரு' என்கிறான் இன்னொருவன். 'பழைய கோவம் எங்க?' என்று கேட்பவர்கள்தான் அதிகம். இதற்கெல்லாம் மனம் உடையக் கூடாது. சத்துணவில் ஒரே குண்டானிலிருந்து ஊற்றும் சாம்பாரை முதல் பந்தியில் இருப்பவன் உப்பு என்பான், கடைசிப் பந்தியில் இருப்பவன் சப்பென்று இருக்கிறது என்பான். சமைத்தவள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

ஆனால் ஒருவன், 'குணா அண்ணன் வரிக்கு வரி நிக்கிறாரு, டவுன் பஸ்ஸா?' என்று எழுதினான். அதற்கு எத்தனையோ பேர் சிரித்திருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. என் பெயரிலேயே பதில் போட்டேன்: 'நான் குணாளனின் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை. ரோலிங் மில்லில் உலைப் பக்கமே நின்று என் தம்பியின் நுரையீரல் கெட்டுவிட்டது. ஒரு வரிக்கு மேல் மூச்சு தாங்காது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துதான் இந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தான். இது தெரிந்த பிறகும் சிரிப்பீர்களா?'

டாக்டர் சொன்னது நமக்குள் இருக்கட்டும் என்று திருவள்ளூர் ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னதை மறக்கவில்லை. ஆனால் காய்ச்சலோடு பரீட்சை எழுதும் பிள்ளையை யாராவது அதட்டினால், அதற்குக் காய்ச்சல் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டாமா?

ஒரே நாளில் திட்டு நின்றுவிட்டது. எல்லாரும் மன்னிப்புக் கேட்கிறார்கள். இனி நீ நிம்மதியாக மாடியை விட்டு இறங்கலாம். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

உன் நலமே நினைக்கும் அக்கா,
ரத்னா


எளாவூர்,
19.6.2025

அக்காவுக்கு,

லெட்டர் வந்துச்சி. ஆசீர்வாதம் போன வாங்கி நீ எழுதனத படிச்சேன். அதுக்குக் கீழ ஊரே கும்புட்டுக்கினு கீது.

திட்டுக்கு பயந்து போன மூடிட்டேன்னு நெனச்சியா? நாங்க மொத ஆல்பம் போட்டப்போ, 'இது பாட்டா, பஸ் ஸ்டாண்டு சண்டையா'ன்னு கேட்டவனுங்கதான் இவனுங்க. திட்டு பழகிப்போச்சி. பாதிப்பேரு திட்டி, பாதிப்பேரு புடிச்சிருக்குன்னா பாட்ட கேக்கறாங்கன்னு அர்த்தம். அவங்க சண்டைக்கு நடுவுல நான் பூந்து பேசக் கூடாதுன்னுதான் போன மூடனேன்.

மூச்சு போச்சுன்னு தெரிஞ்சதும், இருக்கறத வெச்சி இன்னா பண்லாம்னு நானும் மியூசிக் போடற நம்ம சபரியும் ஒரு வருஷம் மண்டைய ஒடச்சிக்கினோம். நான் நிக்கிற எடத்தையெல்லாம் வெட்டி ஒட்டறது சபரிக்கு ரெண்டு நிமிஷ வேல. ஒட்டிக் காட்டவும் காட்டனான். பழைய குணா மாதிரியே இருந்துச்சி. நான்தான் வேணாம்னேன். அந்த நிக்கிற எடத்துக்குத்தான் அக்கா பாட்டே எழுதனேன்.

மீஞ்சூர்ல வினோதான்னு ஒரு பொண்ணு, போன் கம்பெனில வேல செய்யுது. மூணாவது பாட்ட கேட்டுட்டு எழுதியிருந்துச்சி: 'அண்ணன் நிறுத்தற எடத்துல, உலைக் கதவு தொறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு அடி பின்னால போவாங்களே, அந்த அமைதி இருக்கு. எங்க அப்பா மில்லுல இருந்தாரு, எனக்குத் தெரியும்.' ஆசீர்வாதம் இத படிச்சிக் காட்டனப்போ நாஷ்டா துண்ணுக்கினு இருந்தேன். கை அப்டியே நின்னுபோச்சி. ஒருத்தி கேட்டுட்டா, போதும்னு இருந்துச்சி.

நேத்து அந்தப் பொண்ணு அத அழிச்சிடுச்சி. இப்போ, 'மன்னிச்சிடுங்க அண்ணா, உங்களுக்கு முடியலன்னு தெரியாம ஏதோ கலைன்னு நெனச்சி எழுதிட்டேன். உடம்ப பாத்துக்கோங்க'ன்னு எழுதிகீது.

இனிமே என் பாட்ட கேக்க ஆளு இல்ல அக்கா. எல்லாரும் எக்ஸ்ரே பாக்கறாங்க.

நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. அதான் பேஜாரு. உன்மேல கோவப்படக்கூட முடியல.

குணா


பொதட்டூர்பேட்டை,
26.6.2025

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு நான் எழுதியதை அழித்துவிட்டேன். அதற்குள் பலர் படம் பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். கரும்பலகை என்று நினைத்து எழுதிவிட்டேன், டஸ்டரால் துடைத்தால் போய்விடும் என்று.

வினோதாவுக்கும் எழுதிப் பார்த்தேன். 'நீ முதலில் எழுதியதுதான் சரி, அதையே திரும்பப் போடு அம்மா' என்றேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்: 'எப்படிப் போடறது டீச்சர்? இப்ப கேட்டா எனக்கு அந்தக் கதவு கேக்கல. அண்ணன் மூச்சு வாங்கறதுதான் கேக்குது.'

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க முடியாது. அடுத்த மாதம் இருபதாம் தேதி மீஞ்சூரில் நடக்கும் உங்கள் குழுவின் நிகழ்ச்சிக்கு ரசிகர்கள் புது போஸ்டர் அடித்திருக்கிறார்கள். சபரி, அன்புசெல்வன் படங்களை எடுத்துவிட்டு, உன் படத்தை மட்டும் வட்டமாகப் போட்டு, சுற்றிலும் பூ வைத்து, 'உன் மூச்சே எங்கள் பேச்சு' என்று எழுதியிருக்கிறார்கள். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்துவிட்டு உன் மாமா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்: "குணா நல்லாத்தான கீறான்?"

சபரியிடம் பேசினேன். அவனும் சொல்லிப் பார்த்தானாம். "பாசத்துல செய்யறாங்க டீச்சர், எப்படித் தடுக்கறது?" என்கிறான். நான் என்ன செய்யட்டும்? நீ சொல், செய்கிறேன்.

அக்கா,
ரத்னா


எளாவூர்,
3.7.2025

அக்காவுக்கு,

போஸ்டர் செக்போஸ்டு செவுத்துல கூட கீது. ஆசீர்வாதம் பாத்துட்டு, "மால வாங்கியாரட்டா, இல்ல நீயே போய் வாங்கிக்கிறியா?"ன்னு கேட்டான். மூச்சு முட்டச் சிரிச்சேன். அப்புறம் அவனே தண்ணி குடுத்தான்.

நீ ஒண்ணும் செய்யாத. யாருக்கும் எழுதாத, விளக்காத. மீஞ்சூருக்கு நான் போறேன். சபரியும் அன்புவும் இன்னா பாவம் பண்ணாங்க, அவங்களுக்காவது போவணும். நேர்ல நின்னு நிறுத்தனா, ஒருவேள கேப்பாங்க. நீ வராத. நீ கூட்டத்துல இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மூணாவது பாட்ட, நான் உன் தம்பின்றத மறந்துட்டு கேளு. நான் நிக்கிற எடத்துல உனக்கு இன்னா கேக்குதுன்னு எழுது. புடிக்கலன்னா புடிக்கலன்னு எழுது. உன் சாம்பார் மாதிரி சப்புன்னு கீதுன்னு எழுது. எதுனா எழுது. உடம்ப பத்தி மட்டும் எழுதாத.

குணா


பொதட்டூர்பேட்டை,
23.7.2025

என் தம்பிக்கு,

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையிலேயே நெல்லூர் போகும் லாரி ஒன்றில் ஏறிவிட்டாயாம். "வருவேன், எப்பன்னு கேக்காத" என்று சொன்னதாக ஆசீர்வாதம் சொன்னான். போனும் பெட்டியிலேயே இருக்கிறதாம். அதனால் இதையும் டயர் கடைக்கே அனுப்புகிறேன்.

வராதே என்றாய். வந்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால், சோளம் சுடுகிற வண்டியை ஒட்டி உன் மாமாவும் நானும் நின்றோம்.

மூன்றாவது பாட்டில் முதல் இடத்தில் நீ நிறுத்தினாய். நான் காத்திருந்தேன். நீயும் காத்திருந்தாய், உன் முகத்தில் தெரிந்தது. அதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் உன் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மைதானமே பாடியது. உனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று, நீ நின்ற இடத்திலெல்லாம் அவர்கள் நுழைந்து நிரப்பினார்கள். சபரி கையைத் தூக்கி வேண்டாம் என்றான். இன்னும் சத்தமாகப் பாடச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். நீ மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்தபடி நின்றாய். அழுதுகொண்டே பாடினார்கள் குணா. ஒருவர்கூட உன்னைத் திட்டவில்லை.

என் வாயும் அசைந்துகொண்டிருந்தது என்று பஸ்ஸில் வரும்போது உன் மாமா சொன்னார்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. அந்தப் பாட்டைத் தினமும் கேட்கிறேன். காலையில் கேட்டால் வேறு மாதிரி இருக்குமோ என்று காலையில் கேட்டேன். துணி மடிக்கும்போது, கவனிக்காததுபோல் கேட்டேன். யாரோ வேற்று ஊர்க்காரன் பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். எனக்குக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாய். உலைக் கதவு கேட்கிறது என்று எழுதிவிடலாம். அது அந்தப் பெண் கேட்டது. நான் பார்த்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் ஓர் உதாரணம் சொல்லிவிடுவேன். இதற்கு ஒன்றும் வரவில்லை.

நீ நிறுத்துகிறாய். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அடுத்த வரியைத் தொடங்கும்வரை என்னால் விட முடியவில்லை.

உன் அக்கா,
ரத்னா