அளவோடு குடிக்கிறவர்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? இந்த மறுவாழ்வு மையத்தில் சேர்த்த அன்றே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம். கையெழுத்து கோழி கிறுக்கியது போல் இருந்தால் திட்டாதீர்கள். போன வாரம் பேனாவைப் பிடிக்கவே முடியாமல் வேர்வையும் நடுக்கமுமாகக் கிடந்தேன். இப்போது பரவாயில்லை.

அறையில் என்னோடு பேங்க் மேனேஜர் அக்கா ஒருவர் இருக்கிறார். பகலில் அத்தனை நாசூக்கு. தூங்கினாலோ லாரி தோற்றுப்போகும் குறட்டை.

நான் ஸ்கூட்டரோடு விழுந்தபோது பின்னால் இருந்த என் சிநேகிதிக்குக் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு பிரித்தாயிற்றா? அன்றைக்கு ஆபீஸ் பார்ட்டியில் அவள் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. "நான் நல்லாத்தான் இருக்கேன், ஏறுடி" என்று இழுத்து உட்கார வைத்தவள் நான்தான்.

மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆனால் நான் போகிற வீட்டில் மது இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஹாலில் இருக்கும் உங்கள் அலமாரியைக் காலி செய்துவிடுவீர்களா அப்பா?

உங்கள்
வாலு

மார்ச் 8

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதத்தை அம்மா தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு அழுகிறாள். உன் சிநேகிதிக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று, ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள். அவள் அப்பா இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அத்தை உன்னைக் கேட்டாள். வெளியூரில் ஆபீஸ் பயிற்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெண் பிள்ளை குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

அலமாரி விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் அளவோடு குடிக்கிறவன். வேலை முடிந்து வந்தால் இரண்டு கிளாஸ், அப்புறம் சாப்பாடு, படுக்கை. ரோட்டில் விழுந்திருக்கிறேனா? ஒரு நாள் கடைக்கு லீவு போட்டிருக்கிறேனா? உங்கள் வயசுக்காரர்கள்தான் வெள்ளிக்கிழமை வந்தால் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி ஊற்றிக்கொள்கிறீர்கள். பெண் பிள்ளைக்கு அடக்கம் வேண்டாமா? உன் தப்புக்கு என் அலமாரி என்ன செய்யும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அப்பா

மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு தடவை பெண் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பெண் பிள்ளைதான். அத்தை பையன் வேலை கிடைத்த அன்று நம் ஹாலில் குடித்துவிட்டு, அம்மா துவைத்து மடித்து வைத்த துணி மேலேயே வாந்தி எடுத்தானே, "மாப்பிள்ளைக்கு இப்பதான் மீசை முளைக்குது" என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே. நானும்தான் சிரித்தேன். அந்தத் துணியை மறுபடி துவைத்தது அம்மா.

என் ஆபீஸில் மட்டும் என்ன வாழ்கிறது? குடிக்காதவளை ஒரு கூட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். "இவ நம்ம ஆளு, எவ்வளவு ஊத்தினாலும் நிப்பா" என்று டீம் லீடர் தோளில் தட்டியபோது எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? ஆனாலும் குடித்தவள் நான். அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை அப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் கிளாஸில் ஐஸ் போடுகிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டால் போதும், நான் எழுந்து வந்துவிடுவேன். அலமாரி இருக்கட்டும் என்றால் சொல்லிவிடுங்கள். ஏதாவது ஹாஸ்டலில் இடம் பார்த்துக்கொள்கிறேன். கோபமெல்லாம் இல்லை.

உங்கள்
வாலு

மார்ச் 17

அன்பு மகளுக்கு,

ஹாஸ்டலாம் ஹாஸ்டல்! வீடு இருக்கும்போது என் மகள் எதற்கு ஹாஸ்டலுக்குப் போக வேண்டும்? முந்தாநாள் சாயங்காலமே எல்லாவற்றையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டில் விடாமல் தொட்டியில் கொட்டினாள். அதோடு சரி. நினைத்தால் நிறுத்திவிடுவேன் என்று எப்போதும் சொல்வேனே, பார்த்தாயா?

என் போதாத காலம், நேற்றிலிருந்து ஏதோ காய்ச்சல் பிடித்துக்கொண்டது. உடம்பு சுடவில்லை, ஆனால் தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. பொட்டுத் தூக்கமில்லை. கடையில் ஒரு மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். கடுகளவு திருகாணி, கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். இன்று கை நடுங்கிக் கீழே கீழே விழுகிறது. ஃப்ரேமும் உடைந்துவிட்டது. முதலாளி "வயசாயிடுச்சு மாஸ்டர், வீட்டுக்குப் போங்க" என்றார். வந்த கோபத்தை அம்மாவிடம் காட்டிவிட்டேன், பாவம்.

இந்தக் காய்ச்சல் விட்டதும் உன் அறைக்கு வெள்ளை அடிக்கப் போகிறேன். நிம்மதியாக வா.

அன்புடன்
அப்பா

மார்ச் 19

அப்பா,

அது காய்ச்சல் இல்லை.

கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். முதல் வாரம் எனக்கு வந்ததும் இதேதான். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு, ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் துள்ளும். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்கிறார். மருந்து கொடுத்துப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த மையத்து ஆபீஸ் போனில் கூப்பிட்டால் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நர்ஸ் அக்கா நம் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் அப்பா. நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உங்களுக்கு ஒன்று என்றால் நான் நல்லபடியாகி என்ன பிரயோஜனம்?

வாலு

மார்ச் 26

என் கண்ணுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் கசக்கி எறிந்தேன். பெற்றவனுக்கே புத்தி சொல்கிறாளா என்று கத்தினேன். அம்மா அதை எடுத்து நீவிப் படித்துப் பார்த்தாள். "ரெண்டு கிளாஸ் ரெண்டு கிளாஸ்ங்கறீங்களே, வருஷா வருஷம் கிளாஸைப் பெருசா மாத்தினது யாரு?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அவள் வாயைத் திறந்ததில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். அளவோடுதான் என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் உள்ளதைச் சொன்னேன்.

அத்தை பார்க்க வந்திருந்தாள். உன் பயிற்சி எப்போது முடிகிறது என்று கேட்டாள். நீ குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாய், நானும் சேரப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மருந்து மட்டும் போதாதாம், உங்கள் மையத்து ஆண்கள் பகுதியில் சனிக்கிழமை இடம் தருகிறார்கள். உன்னை அனுப்புவதும் அன்றைக்குத்தான். உன் அறைக்கு வெள்ளை அடிக்க முடியவில்லை. அம்மா பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். காலையில் சீக்கிரமே வந்துவிடுவேன். உடனே கிளம்பிவிடாதே, கேட் பக்கம் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார். உள்ளே முதல் ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போ. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா.

உன்
அப்பா